மூணு மணி வரைக்கும் இருங்க

ஜெரால்ட் அண்ணன் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நல்ல நேரம் பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றேகால் வரை. என் முதலாளி செண்பகம் அக்கா காலையிலேயே ஜெராக்ஸ் கடையைக் கழுவி, பின் அறையில் இருந்த நான்கு மானிட்டர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். பன்னிரண்டரை ஆகியும் ஜெரால்ட் அண்ணன் வரவில்லை. ஒரு மணிக்குத் தாலுக்கா ஆபீசிலிருந்து போன் வந்ததும் அக்கா வண்டியை எடுத்தார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா சோனியா, அவன் ஒன்றரைக்குள்ள வந்தான்னா மாட்டச் சொல்லு. தாண்டிட்டான்னா ராகு காலம். டீ வாங்கிக் குடுத்து மூணு மணி வரைக்கும் ஒக்கார வை. இன்னா, புரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

ஜெரால்ட் அண்ணன் ஒன்று நாற்பதுக்கு வந்தார். தோளில் வயர் சுருள், கையில் ஒரு அட்டைப்பெட்டி. கும்மிடிப்பூண்டி பஜாரில் பாதிக் கடைகளுக்கும் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளுக்கும் முன்பு கேபிள் டிவி கொடுத்தவர், இப்போது நெட் கொடுக்கிறார். என்னைப் பார்த்து அக்கா எங்கே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின் அறைக்குப் போய், பெட்டியைப் பிரித்து, முதல் மானிட்டரின் பின்னால் வயரைச் செருகிவிட்டார்.

மூணு மணி வரைக்கும் உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும். மொத்தம் நான்கு வார்த்தை. அது தொண்டையில் இருந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் தெரியும். வெளியே வந்து சேர நேரம் பிடிக்கும். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் மிஸ் எழுப்பிக் கேட்பார். நான் வாய் திறக்கும்போது அவர் இரண்டு பெஞ்ச் தள்ளிப் போயிருப்பார். பாதி வகுப்பை நின்றபடியே கழித்திருக்கிறேன். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இந்தக் கடையில் பேச்சு அதிகம் தேவைப்படாது. ஆதார் கார்டை நீட்டுவார்கள், முன்பக்கம் மட்டுமா பின்பக்கமுமா என்று கேட்டால் போதும். அதையும் நான் விரலால்தான் கேட்பேன்.

நான் வார்த்தையைத் திரட்டி முடித்தபோது நான்கு மானிட்டரிலும் வெளிச்சம் வந்துவிட்டது.

என்ன மாட்டினார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பின் அறையில் நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் உண்டு. பையன்கள் வந்து மணிக்கணக்கில் விளையாடிய காலம் இருந்ததாம். புது விளையாட்டுகளை அந்த கம்ப்யூட்டர்களால் இழுக்க முடியாமல் போனதும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ஜெரால்ட் அண்ணன் கொண்டுவந்தது உள்ளங்கை அளவு பெட்டி. அதற்குள் விளையாட்டு எதுவும் கிடையாது. விளையாட்டு மும்பையில் எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. நாம் இங்கே பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி மும்பை போய், அங்கே மட்டை சுழன்று, அந்தப் படம் திரும்பி கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும். இத்தனையும் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்தால் விளையாட்டு. நடக்காவிட்டால் கோபம். பத்து நாள் சும்மா வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்பது ஜெரால்ட் அண்ணனின் பேச்சு.

முதலில் உட்கார்ந்தது உமர் பாரூக் அண்ணன். பழவேற்காட்டுக்காரர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் கடைக்கு எதிர் மாடியில் குடியிருக்கிறார். அந்த வாரமும் அடுத்த வாரமும் அவருக்கு நைட் ஷிப்ட். மதியம் தூங்கி எழுந்ததும் நேராகக் கீழே வருவார். கார் பந்தயம் ஓட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மழையில் நனைந்த சாலையில் வண்டி விளக்கு தெரிந்தது. அந்த அறையில் அப்படி ஒரு படம் அதுவரை ஓடியதில்லை. பிறகு கிரிக்கெட்டுக்கு மாறினார். முதல் இரண்டு ஓவர் நன்றாகப் போனது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை ஆகும்போது மட்டை, பந்து போன பிறகு சுழன்றது. அடுத்த பந்துக்குச் சுழலவே இல்லை. அதற்கடுத்து பந்து வீச்சாளரின் முகம் செங்கல் செங்கலாக உடைந்து நின்றது.

உமர் பாரூக் அண்ணன் ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்தார். "கிரேன் கொக்கி ஆடுனா நான் முன்னாடியே அழுத்தி சரி பண்ணுவேன். இது எப்ப ஆடும்னே தெரியலயே." என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உன்ன மாதிரிதாம்மா இதுவும். கேட்டா மறுநாளைக்குத்தான் பதில் வரும்."

மூன்று மணிக்கு அக்கா திரும்பிவந்தார். எத்தனை மணிக்கு மாட்டியது என்று ஜெரால்ட் அண்ணனிடம் கேட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார். அக்கா என்னைத்தான் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"ராகு காலத்துல ஆரம்பிச்சது எங்க உருப்படும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மிஷின் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கடை திறப்பவர்தான் தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்க வேண்டும். அது என் வேலை. கிழித்த தாளை எறியக் கூடாது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கணக்குப் போட உதவும் என்று அக்கா ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பார். அன்றும் பெட்டி காலையில் ஒழுங்காக ஓடியது. இரண்டரைக்குத் திக்கித் திணற ஆரம்பித்து நான்கு மணிக்குச் சரியானது. அக்கா கடிகாரத்தைக் காட்டினார். ஆரம்பித்த நேரம் தினமும் வந்து முட்டுகிறது என்றார். ஜெரால்ட் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர் சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு வந்து, தன் மொபைலில் வேகம் பார்த்து, நூறு காட்டுகிறது, என் லைனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு நிஜமாகவே ஒரு குறையும் இல்லை.

அன்று மாலை அக்கா தன் முடிவைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின் அறையை மொபைல் கடைக்கு வாடகைக்கு விடப்போகிறார். ஜெராக்ஸை அவர் ஒருத்தரே பார்த்துக்கொள்வார். என்னிடம் நேராகச் சொல்ல அவருக்கும் சங்கடம். கடை மூடும் நேரத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் சொன்னார். அப்பாவின் பெயர் அன்பு. சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. வீடு போய்ச் சேரும் முன்பே அவர் வழி கண்டுவிட்டார். பேக்கிங் கம்பெனி சூப்பர்வைசர் தெரிந்தவர். சனிக்கிழமைக்கு அடுத்த திங்களிலிருந்து விடியற்காலை எங்கள் லைன் வீட்டு வாசலுக்கே வேன் வரும். என் வயசுப் பெண்கள் அறுபது பேர்.

அந்த அறுபது பேர் என்ற சொல் எனக்குள் இரவெல்லாம் ஓடியது. அறுபது பேர் கேட்பார்கள். அறுபது பேருக்கும் நான் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் ஒன்றோடு முடிந்துவிடும். நான் வீட்டில் இருந்தேன். எங்கள் லைனில் பதினான்கு வீடுகள். எதிர் லைனில் வடநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களின் ரூம்கள். இரண்டு லைனுக்கும் நடுவில் உள்ள கம்பத்தில், வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஜெரால்ட் அண்ணனின் பெட்டி தொங்கும். அப்பாவுக்கு அன்று முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, இரண்டு இருபதுக்கு வந்தார். கை கால் கழுவி, சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, போனில் ஒரு காமெடியைப் போட்டார். படம் சுற்றிக்கொண்டே நின்றது. எதிர் ரூம்களில் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் போனைக் காதிலோ கண்ணிலோ வைத்திருந்தார். ஒருவர் வீடியோவில் தன் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா போனைத் தட்டினார். "இந்த நேரத்துல எப்பவும் பேஜாருதான். ஷிப்ட் உட்டு வந்தா நாலு மணி வரைக்கும் சுத்திகினே கெடக்கும்."

குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றது. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியதை அப்பாதான் காட்டினார்.

திங்கட்கிழமை அளக்க ஆரம்பித்தேன். என் போன் பழசு என்றாலும் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கும். ஒரு நொடியை நூற்றிருபது படங்களாகப் பிடிக்கும். ஜாய்ஸ்டிக்கும் மானிட்டரும் ஒன்றாகத் தெரியும்படி போனை ஸ்டேப்ளர் டப்பாவில் சாய்த்து வைத்தேன். விரல் பட்டனை அமுக்கும் படத்திலிருந்து, திரையில் மட்டை அசையும் படம் வரைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ண வேண்டும். முதலில் பழைய கம்ப்யூட்டரில் பழைய விளையாட்டைப் போட்டு எண்ணினேன். ஏழு படம். புதுப் பெட்டியில் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குக் கொஞ்சம் தெரியும். உமர் பாரூக் அண்ணன் இரண்டு ஓவருக்குள் பழகிக்கொண்டது அந்த ஐந்து படத்தைத்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரைக்கும் அதே பன்னிரண்டு படம், ஒருமுறை பதின்மூன்று. இரண்டு நாற்பதுக்கு முப்பத்தெட்டு. மூன்று மணிக்கு நாற்பத்தொன்று. நான்கேகாலுக்குப் பதினான்கு.

அந்தந்த நாள் எண்களை அந்தந்த நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். முன்பக்கம் ராகு காலம் அச்சாகியிருக்கும். திங்களன்று ராகு காலம் காலை ஏழரை. நாங்கள் கடையே திறந்திருக்கவில்லை. புதனன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அந்த ஒன்றரை மணி நேரமும் பெட்டி வெண்ணெயாக ஓடியது. செவ்வாயன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அன்று ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. மூன்று மணிக்கு நாற்பது படம் வந்ததும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் நாலேகாலுக்கு, ராகு காலம் முடியாமலே, பதின்மூன்று வந்துவிட்டது. அந்தப் பதின்மூன்றின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

எல்லா விளையாட்டையும் ஒரே மாதிரி சொல்ல முடியாது என்பதும் அந்த வாரத்தில் தெரிந்தது. சதுரங்கத்துக்கு நாற்பது படம் தாமதமானாலும் ஒன்றுமில்லை. கார் பந்தயத்துக்கு இருபது வரை பொறுக்கலாம். கிரிக்கெட்டுக்குப் பதினைந்து தாண்டினால் அவுட். சண்டை விளையாட்டு காலை நேரத்திலும் சரிவரவில்லை. குத்து விழுந்த பிறகுதான் கை தடுக்கிறது. அதையும் அப்படியே எழுதினேன். பெட்டிக்காகப் பொய் எழுதத் தோன்றியது, எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அன்றைய தாளையும் முன்கூட்டியே கிழித்தேன், ஐந்து தாள்களும் என்னிடம் இருந்தன. அக்காவிடம் காட்ட மூன்று முறை எழுந்தேன். ஒருமுறை ஆள் வந்துவிட்டார். இரண்டு முறை யாரும் வரவில்லை, நானே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை பதினொன்றுக்கு, சொன்ன நேரத்துக்கு, ஜெரால்ட் அண்ணன் அட்டைப்பெட்டியோடு வந்தார். உமர் பாரூக் அண்ணன் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து, கடைசியாக ஒருமுறை ஓட்டிவிட்டுத் தருகிறேன் என்று கார் பந்தயத்தில் இருந்தார். ஜெரால்ட் அண்ணனுக்கும் வருத்தம்தான். என் லைனைக் குறை சொல்லாதீங்க அக்கா, இப்பகூட நூறு காட்டுது என்று போனை நீட்டினார். அக்கா அதைப் பார்க்கவில்லை. உன்மேல் குறை இல்லை தம்பி, நேரத்தின்மேல் குறை என்றார். ஜெரால்ட் அண்ணன் குனிந்து நான்காவது மானிட்டரின் வயரைப் பிடுங்கினார். பிறகு மூன்றாவது.

நான் மேசைமேல் தாள்களை வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது மானிட்டருக்குப் போனார். அதே நான்கு வார்த்தை, அதே தொண்டை. இந்தமுறை நான் அதைத் திரட்டிக்கொண்டிருக்கவில்லை. வந்தது வரட்டும் என்று விட்டேன்.

"மூணு மணி வரைக்கும் இருங்கண்ணே."

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"இன்னாத்துக்கு?" என்றார் ஜெரால்ட் அண்ணன்.

பதில் வரவில்லை. அவர் மறுபடி குனியப் பார்த்தார். உமர் பாரூக் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தார்.

"இரு தல. அது வந்துகினு கீது."

அவர்கள் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அத்தனை நேரம் யாரும் எனக்காக நின்றதில்லை.

"நீங்க பதினோரு மணிக்கே வரீங்க," என்றேன். "அப்ப எல்லாரும் கம்பெனில இருக்காங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் உடுது. ரெண்டரைக்கு ரூமுல போன எடுக்குறாங்க. எங்க லைனும் இந்தக் கடையும் ஒரே வயருதானே?"

ஜெரால்ட் அண்ணன் வயரிலிருந்து கையை எடுத்தார். அக்கா தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாக முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். புதன்கிழமைத் தாளில் நெடுநேரம் நின்றார். செவ்வாய்க்கிழமைத் தாளில் இரண்டு கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னிக்கு ஒன்றரைலேர்ந்து மூணு எமகண்டம்," என்றார். பிறகு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "பாக்குறதுதானே. ஆரம்பிக்கலியே."

ஜெரால்ட் அண்ணன் இருந்தார். அக்கா எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். சாப்பிடும்போது யாரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. உமர் பாரூக் அண்ணன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கேப்டன் மீன் குழம்பு கேட்டு அடம்பிடித்த கதையைச் சொன்னார். இரண்டு இருபதுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. நீலச் சட்டைகள், சாம்பல் சட்டைகள், தோளில் டிபன் பைகள். இரண்டு முப்பத்தைந்துக்கு மழைச் சாலையில் ஓடிய கார் திக்கியது. முப்பத்தெட்டுக்கு அதன் விளக்குகள் செங்கல்லாக உடைந்தன. நான் படம் எடுத்து, எண்ணி, ஜெரால்ட் அண்ணனிடம் விரலால் காட்டினேன். முப்பத்தொன்பது.

அவர் தன் மொபைலில் வேகம் பார்த்தார். நூறு என்று காட்டிய இடத்தில் நாலு என்று இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைக்கில் ஏறிப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அட்டைப்பெட்டி மட்டும் மேசையிலேயே இருந்தது.

மூன்றரைக்குத் திரும்பிவந்தார். முழங்கை வரை தூசி.

"ஏழு லைன் வீட்டு ரூமுங்க எல்லாத்தையும் இந்த ஒரே கம்பத்துப் பெட்டில சொருவி வச்சிருக்கான் எங்கிட்ட வேல செய்ற பையன். உங்க கடைய ரயில்வே கேட்டு பக்கம் இருக்குற வயருக்கு மாத்திட்டேன்," என்றார். என்னைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துச் சொன்னார். "லைன் ஊடுங்களுக்கும் இன்னொரு வயர் இழுக்கணும். பாவம், அவுங்களும் டப்பு குடுத்துதானே போடுறாங்க. எண்ணு."

நான் எண்ணினேன். நாலு மணி இன்னும் ஆகவில்லை. பதின்மூன்று.

இன்னொரு முறை எண்ணச் சொன்னார். பன்னிரண்டு. உமர் பாரூக் அண்ணன் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு கிரிக்கெட்டைப் போட்டு, மூன்றாவது பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அந்தப் பந்து இருட்டு வானத்தில் போவதை நாங்கள் நான்கு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம்.

அக்கா அத்தோடு விடவில்லை. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். பிடுங்கிய இரண்டையும் சேர்த்து நான்கையும் மறுபடி மாட்டி, நாலே முக்காலுக்கு நல்ல நேரம் வந்த பிறகு கற்பூரம் காட்டி, என்னைக் கூப்பிட்டு பட்டனை அழுத்தச் சொன்னார். ஜெரால்ட் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தபோது பின் அறையில் பாலிடெக்னிக் பையன்கள் இருவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சோனியாவை நான் விடுவதாக இல்லை என்று அக்கா சொன்னார். அப்பா சங்கடத்தோடு வேன் விஷயத்தைச் சொன்னார், சூப்பர்வைசரிடம் வார்த்தை கொடுத்துவிட்டதையும் சொன்னார். அக்கா பதில் பேச வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். வழக்கமாக அவர் கேட்டுவிட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். அன்று காத்திருந்தார்.

"நான் இங்கியே இருக்கேன்பா. அந்தச் சண்ட விளையாட்டு இன்னும் சரியா வரல."

ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் ஏதோ பெரிய காரணத்தைக் கேட்டதுபோல மெல்லத் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை விடியும் முன்பே லைன் வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. அப்பா லுங்கியோடு வெளியே போய் டிரைவரிடம் என்னவோ சொன்னார். ஜன்னல் வழியாக உள்ளே இருந்த பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி தூங்கி வழிந்தாள், ஒருத்தி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன், வேன் நகர்ந்த பிறகுதான்.

அன்று ராகு காலம் ஒன்பது வரை. ஒன்பது ஐந்துக்குக் கடையைத் திறந்து, தாளைக் கிழித்து, போனை ஸ்டேப்ளர் டப்பாவில் சாய்த்தேன். ஜெரால்ட் அண்ணன் போன் செய்தார். கவரைப்பேட்டையில் ஒரு கடைக்கும் பெட்டி போடப்போவதாகவும், மதியம் இரண்டரைக்கு அக்காவோடு வந்து எண்ணிச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். நான் பேசும்வரை மறுமுனையில் பைக் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வைத்துவிடவில்லை.